வால்டர் ராலே: டெவன் முதல் வெஸ்ட்மின்ஸ்டர் வரை

சர் வால்டர் ராலே இங்கிலாந்து அரசி முதலாம் எலிசபெத்தின் அவையில் உயர்ந்து, முதலாம் ஜேம்ஸ் மன்னரின் ஆணையால் 1618இல் தலை வெட்டப்பட்டவர். அரசியின் மெய்க்காவல் படைத்தலைவர், நாடாளுமன்ற உறுப்பினர், கடலோடி, கவிஞர், வரலாற்றாசிரியர் என்று அவருக்குப் பல முகங்கள். இவற்றில் கவிஞர் முகம்தான் இன்றுவரை தீராத வழக்காக இருக்கிறது. அக்கால அரசவையினர் தம் பாடல்களை அச்சுக்குக் கொடுப்பதைக் கௌரவக் குறைவாகக் கருதினார்கள். எழுதிய தாளை நண்பர்களிடம் கொடுப்பார்கள். அவர்கள் படியெடுத்துப் பிறருக்குக் கொடுப்பார்கள். கைமாறக் கைமாற ஆசிரியர் பெயர் உதிர்ந்துவிடும், அல்லது வேறொருவர் பெயர் வந்து ஒட்டிக்கொள்ளும். அதனால் ராலே பெயரில் வழங்கும் எழுத்துகளில் எவை அவருடையவை என்று 400 ஆண்டுகளாக ஆராய்ச்சி நடக்கிறது.

அவர் வாழ்ந்த இடங்களின் நிலையும் ஏறக்குறைய இதுதான். சில இடங்களுக்குக் கையெழுத்துச் சான்று உண்டு; சிலவற்றுக்குச் செவிவழிக் கதை மட்டுமே. பிறந்த வீட்டிலிருந்து வெட்டுப்பட்ட முற்றம் வரை வரிசையாகப் பார்த்துக்கொண்டு போனால் இரண்டையும் பிரித்தறிய முடிகிறது.

ஹேய்ஸ் பார்ட்டன்

இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் டெவன் மாவட்டம். அங்கே கடற்கரைக்குச் சற்று உள்ளே ஈஸ்ட் பட்லி என்ற சிற்றூர். ஊருக்கு மேற்கே ஒரு மைல் தொலைவில், ஆங்கில 'ஈ' எழுத்தின் வடிவில், வைக்கோல் கூரை வேய்ந்த பண்ணை வீடு ஒன்று நிற்கிறது. ஹேய்ஸ் பார்ட்டன் என்று பெயர். ராலே பிறந்தது இங்கேதான். ஆண்டு மட்டும் உறுதியில்லை; 1552 என்றும் 1554 என்றும் இரண்டு கணக்குகள் உண்டு.

பிறந்த இடத்துக்கு அவரே சாட்சி. 1584இல், அரசியின் அன்புக்குரியவராக உயர்ந்தபின், வீட்டுச் சொந்தக்காரருக்கு ஒரு கடிதம் எழுதினார். தான் பிறந்த வீடு என்பதால் வேறெங்கும் குடியேறுவதைவிட அங்கே குடியேறவே விருப்பம் என்று சொல்லி, விலைக்குக் கேட்டார். வீடு கிடைக்கவில்லை. தந்தை அங்கே குத்தகைக்கு இருந்தவர்தான். குடும்பம் பழையது, சொத்து குறைவு. தாய் கேத்தரினின் முதல் திருமணத்தில் பிறந்த ஹம்ஃப்ரி கில்பர்ட் பின்னாளில் பெரிய கடலோடியானார். கடல் ஆசை தாய்வழி உறவில் வந்தது.

ஊரின் அனைத்துப் புனிதர் ஆலயத்தில் 16ஆம் நூற்றாண்டின் மரச்செதுக்கு வேலை கொண்ட இருக்கைகள் இருக்கின்றன. அவற்றுள் ஒன்றின் முனையில் ராலே குடும்பத்தின் குலச்சின்னமும் 1537 என்ற ஆண்டும் காணப்படுகின்றன. சற்றுத் தெற்கே பட்லி சால்டர்ட்டன் கடற்கரை. மணலுக்குப் பதில் உருண்டைக் கூழாங்கற்கள் பரந்து கிடக்கும் கரை அது. மில்லே என்ற ஓவியர் 1870இல் 'ராலேயின் சிறுவயது' என்ற புகழ்பெற்ற படத்தை இங்கே வரைந்தார். கடலைச் சுட்டிக் கதை சொல்லும் மாலுமியையும், முழங்காலைக் கட்டிக்கொண்டு கேட்கும் சிறுவனையும் காட்டும் படம். காட்சி ஓவியரின் கற்பனை; ஆனால் ராலே என்றதும் ஆங்கிலேயர் மனத்தில் எழுவது இந்தச் சிறுவன்தான்.

பெயரின் எழுத்துக்கூட்டலும் இங்கேயே தொடங்கும் சிக்கல். அக்கால ஆவணங்களில் அந்தப் பெயர் பல பத்து விதங்களில் எழுதப்பட்டிருக்கிறது. இன்று உலகம் முழுவதும் வழங்கும் ஆங்கில எழுத்துக்கூட்டல், கிடைத்திருக்கும் அவருடைய கையொப்பம் எதிலும் இல்லை.

படிப்பும் போரும்

பதின்பருவத்திலேயே, 1569இல், பிரான்சில் சீர்திருத்தக் கிறிஸ்தவர்கள் பக்கம் நின்று போரிட்டார். பிறகு ஆக்ஸ்ஃபோர்டின் ஓரியல் கல்லூரியில் சேர்ந்து, பட்டம் பெறாமல் வெளியேறினார். 1575இல் லண்டனின் மிடில் டெம்பிள் சட்டக் கழகத்தில் பதிவு செய்துகொண்டார். அடுத்த ஆண்டு ஜார்ஜ் காஸ்காய்ன் என்ற கவிஞரின் நூலுக்கு ஒரு சாற்றுக்கவி எழுதினார். அதன் கீழே பெயரும் மிடில் டெம்பிள் என்ற அடையாளமும் அச்சாகியிருக்கின்றன. ஐயத்துக்கு இடமில்லாத அவருடைய முதல் அச்சுப் பாடல் இதுவே.

1580இல், ஆங்கில ஆட்சிக்கு எதிரான கலகத்தை அடக்கப் படைத்தலைவராக அயர்லாந்து சென்றார். அந்த நவம்பரில் ஸ்மெர்விக் கோட்டையில் சரணடைந்த சுமார் 600 இத்தாலிய, ஸ்பானிய வீரர்கள் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். அதை நிறைவேற்றிய தலைவர்களில் ராலேயும் ஒருவர். அயர்லாந்தில் அவர் பெயர் கசக்க இது ஒரு காரணம். கலகம் அடங்கியபின் பறிமுதலான நிலத்தில் அவருக்குக் கிடைத்தது சுமார் 42,000 ஏக்கர். தென்கரைத் துறைமுகமான யால் ஊருக்கு 1588இல் மேயரானார். அங்கிருக்கும் மிர்ட்டில் குரோவ் என்ற பழைய வீட்டில்தான் அயர்லாந்தின் முதல் உருளைக்கிழங்கை நட்டார் என்றும், அவர் புகைபிடிப்பதைப் பார்த்து உடம்பில் தீப்பிடித்துவிட்டதென்று பயந்த வேலைக்காரர் தலையில் தண்ணீரைக் கொட்டினார் என்றும் சொல்லுவார்கள். இரண்டுக்கும் அக்காலச் சான்று இல்லை. சான்று உள்ள செய்தி வேறு: 1589இல் பக்கத்து எஸ்டேட்டில் இருந்த கவிஞர் எட்மண்ட் ஸ்பென்சரைச் சந்தித்து லண்டனுக்கு அழைத்துச் சென்றார். அடுத்த ஆண்டு வெளியான ஸ்பென்சரின் 'தேவதை அரசி' காவியத்தின் நோக்கத்தை விளக்கும் கடிதம் ராலேக்கே எழுதப்பட்டது.

ஸ்ட்ராண்ட் தெருவின் மாளிகை

சேற்றில் மேலங்கியை விரித்து அரசியை நடக்கவைத்தார் என்ற கதை பாடப்புத்தகம் வரை வந்துவிட்டது. அதை முதலில் எழுதியவர் தாமஸ் ஃபுல்லர். நூல் வெளியானது 1662இல். ராலே இறந்து 44 ஆண்டுகள் கழித்து. அங்கி இருந்ததோ இல்லையோ, அரசியின் தயவு இருந்தது. 1583 முதல் தேம்ஸ் கரையில் டர்ஹாம் மாளிகை அவர் வசம். மதுக்கடைகளுக்கு உரிமம் வழங்கும் ஏகபோகம் கையில் வந்தது. 1584இல் டெவன் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர், 1585இல் சர் பட்டம், கார்ன்வால் வெள்ளீயச் சுரங்கங்களின் தலைமைக் காவலர் பதவி, பிறகு அரசியின் மெய்க்காவல் படைத்தலைமை. பத்தாண்டுக்குள் குத்தகைக்காரர் மகன் எட்டிய உயரம் இது. டர்ஹாம் மாளிகை இன்று இல்லை; ஸ்ட்ராண்ட் தெருவை ஒட்டிய சந்து ஒன்றின் பெயரில் மட்டும் மிஞ்சியிருக்கிறது.

பாடல்கள் கைமாறிய இடம் எலிசபெத்தின் அவை. 1600இல் 'இங்கிலாந்தின் ஹெலிகான்' என்ற பாடல் தொகுப்பு அச்சானது. அதில் ஒரு பாடலின் கீழே 'எஸ்.டபிள்யூ.ஆர்.' என்ற முதலெழுத்துகள் அச்சாகியிருந்தன. எஞ்சியிருக்கும் பிரதிகள் சிலவற்றில் அந்த எழுத்துகள் தெரியாது. அவற்றின்மேல் சின்னஞ்சிறு காகிதச் சீட்டு ஒட்டியிருக்கும். சீட்டில் 'இக்னோட்டோ', அதாவது பெயர் தெரியாதவர் என்ற லத்தீன் சொல். ராலே பெயரைப் போட்டதைப் பதிப்பாளரே பின்னால் மறைத்திருக்கிறார். ராலே மறுத்ததாலா, அவர் பாடல் அல்ல என்று தெரியவந்ததாலா என்பதைச் சீட்டு சொல்லவில்லை. கவிஞர் மார்லோவின் மேய்ப்பன் பாட்டுக்கு ஒரு பெண் சொல்லும் மறுமொழியாக அமைந்த புகழ்பெற்ற பாடலும் இதே தொகுப்பில் 'இக்னோட்டோ' என்றே வந்தது. அது ராலே எழுதியது என்று ஐசக் வால்ட்டன் தூண்டில் மீன்பிடிப்பு பற்றிய தம் நூலில் 1653இல் சொன்ன ஒரு வார்த்தைதான் இன்றைய பாடநூல்களுக்கு ஆதாரம்.

ரோனோக் தீவு

1584இல் வட அமெரிக்காவில் குடியேற்றம் அமைக்கும் உரிமை ராலேக்குக் கிடைத்தது. அந்த நிலத்துக்குக் கன்னி அரசி எனப்பட்ட எலிசபெத்தைப் போற்றி வர்ஜீனியா என்று பெயரிட்டார்கள். அங்கே அவர் ஒருமுறைகூடக் கால்வைத்ததில்லை. பணமும் கப்பலும் ஆளும் அனுப்பினார். 1585இல் ரோனோக் தீவுக்குப் போன முதல் குழு ஓராண்டில் திரும்பிவிட்டது. 1587இல் ஜான் வைட் தலைமையில் பெண்கள், குழந்தைகளோடு இன்னொரு குழு சென்றது. வைட்டின் பேத்தி வர்ஜீனியா டேர் அங்கே பிறந்தாள். உணவு கேட்டு இங்கிலாந்து வந்த வைட், ஸ்பானிய ஆர்மடா போரால் தடைபட்டு 1590இல்தான் திரும்பினார். குடியிருப்பில் ஒரு ஆளும் இல்லை. கம்பம் ஒன்றில் 'குரோட்டோவான்' என்ற சொல் செதுக்கியிருந்தது. அது அருகிலிருந்த தீவின் பெயர். அந்த மக்களுக்கு என்ன ஆனது என்பது இன்றும் தீராத வழக்கு.

வட கரோலினா மாநிலத்தில் உள்ள ரோனோக்கில் இப்போது ஃபோர்ட் ராலே தேசிய வரலாற்றுத் தலம் இருக்கிறது. திறந்தவெளி அரங்கில் 'தொலைந்த குடியேற்றம்' என்ற நாடகம் 1937இல் தொடங்கிக் கோடைக்காலங்களில் நடந்துவருகிறது. 1792இல் நிறுவப்பட்ட மாநிலத் தலைநகருக்கும் ராலே என்றே பெயர்.

ஷெர்போர்னும் ஹாட்ஃபீல்டும்

1591இல் அரசியின் தோழிப்பெண் எலிசபெத் த்ராக்மார்ட்டனை ராலே ரகசியமாக மணந்தார். மறுஆண்டு விஷயம் வெளிப்பட்டதும் கணவன் மனைவி இருவரும் லண்டன் கோபுரச் சிறைக்குப் போனார்கள். அவரை வெளியே கொண்டுவந்தது இந்தியச் சரக்கு. 1592இல் இந்தியாவிலிருந்து லிஸ்பன் நோக்கிச் சென்ற 'மாத்ரே தே தெயுஸ்' என்ற பிரம்மாண்டமான போர்த்துகீசியக் கப்பலை ஆங்கிலேயர் பிடித்து டார்ட்மத் துறைமுகத்துக்குக் கொண்டுவந்தார்கள். மிளகு மட்டும் 400 டன்னுக்கு மேல். கிராம்பு, பட்டை, முத்து, பட்டு தனி. ஊரே திரண்டு கொள்ளையடித்தது. மாலுமிகளை அடக்க ராலேயால்தான் முடியும் என்று கைதியைக் காவலோடு அனுப்பினார்கள். கொள்ளை போனது போக மிஞ்சியதே சுமார் 1,40,000 பவுன் பெறும் என்று கணக்கிட்டார்கள்.

விடுதலைக்குப்பின் டார்செட்டில் உள்ள ஷெர்போர்னுக்கு ஒதுங்கினார். அங்கே 12ஆம் நூற்றாண்டில் ஆயர் ஒருவர் கட்டிய பழைய கோட்டை இருந்தது. அதைப் புதுப்பிக்க முயன்று, பின் கைவிட்டு, எதிரே மான்காட்டுக்குள் 1594 அளவில் உயரமான புது மாளிகை எழுப்பினார். இன்று பழைய கோட்டை இடிபாடு. புது மாளிகை பின்னாளில் இருபுறமும் சிறகுகள் சேர்ந்து பெரிதாகி, 1617 முதல் டிக்பி குடும்பத்திடம் இருக்கிறது. லண்டன் வாட்டர்லூவிலிருந்து எக்ஸெட்டர் போகும் ரயில் ஷெர்போர்னில் நிற்கும். இங்கிருந்த காலத்தில்தான் அவர்மீது நாத்திகப் பழி எழுந்தது. 1593இல் ஒரு விருந்தில் ஆன்மா என்றால் என்ன என்று பாதிரியார் ஒருவரிடம் வாதிட்டது ஊர்ப்பேச்சாகி, மறுஆண்டு செர்ன் அபாஸ் என்ற ஊரில் விசாரணை நடந்தது. தண்டனை ஏதும் வரவில்லை.

அரசியின் கோபத்தை ஆற்ற எழுதிய நெடும்பாடலின் ஏடு லண்டனுக்கு வடக்கே ஹாட்ஃபீல்டு மாளிகையில், அமைச்சர் ராபர்ட் செசிலின் குடும்பக் காகிதங்களுக்கிடையே கிடந்தது. 19ஆம் நூற்றாண்டில்தான் அச்சேறியது. 'கடல் சிந்தியாவுக்கு' என்ற அந்தப் பாடல் 500 வரிக்கு மேல் ஓடி, முடிக்கப்படாமல் நிற்கிறது. கடல் என்பது ராலே. சிந்தியா என்ற நிலவுத் தெய்வம் எலிசபெத். அவர் கையாலேயே எழுதியது என்பதால் ஆசிரியர் யார் என்ற கேள்வி இங்கே எழவில்லை. எழுந்தது வேறொன்று. தலைப்பில் அவர் போட்ட எண்ணை 11 என்று வாசிப்பதா, 21 என்று வாசிப்பதா? ஒரு பேனாச் சுழிப்பைப் பொறுத்து, காணாமல்போன முந்தைய பகுதிகள் பத்தா இருபதா என்பது மாறுகிறது. அப்படிப் பகுதிகள் எழுதப்பட்டனவா என்பதே சிலருக்கு ஐயம்.

ஓரினோக்கோ

1595 பிப்ரவரியில் பிளிமத்திலிருந்து புறப்பட்டு, மார்ச்சில் டிரினிடாட் தீவை அடைந்தார். தீவின் தென்மேற்கில் உள்ள லா பிரேயா தார் ஏரி இன்றும் பார்க்கத்தக்கது. சுமார் 100 ஏக்கர் பரப்பில் இயற்கையான நிலக்கீல் ஊறிக் கிடக்கிறது, மேலே நடக்கலாம். ராலே அதை எடுத்துக் கப்பல்களுக்குக் கலப்பற்று வேலை செய்தார். நார்வே தாரைப்போல் வெயிலில் உருகாது என்று பாராட்டினார். ஸ்பானிய ஆளுநர் அந்தோனியோ தே பெரியோவைச் சிறைபிடித்து, அவரிடமிருந்து எல் டொராடோ என்னும் பொன்னகரைப் பற்றிக் கேட்டறிந்தார். பிறகு 100 பேருடன் சிறு படகுகளில் ஓரினோக்கோ ஆற்றில் நீரோட்டத்துக்கு எதிராக ஏறி, கரோனி ஆறு கலக்கும் இடம்வரை போனார். தம் கணக்கில் அது 400 மைல். தோப்பியவாரி என்ற முதிய தலைவர் அவரை வரவேற்றார். கரோனியின் கருநீரும் ஓரினோக்கோவின் செந்நீரும் கலக்காமல் சிறிது தூரம் பக்கம்பக்கமாக ஓடும் அந்தச் சந்திப்பில் இப்போது சியுதாத் குவயானா என்ற வெனிசுவேலா தொழில் நகரம் இருக்கிறது.

பொன்னகர் கிடைக்கவில்லை, கல் மாதிரிகளோடு திரும்பினார். அவர் போகவே இல்லை, கார்ன்வாலில் ஒளிந்திருந்தார் என்று எதிரிகள் பேசினார்கள். அதற்குப் பதிலாக 1596இல், அந்த ஆற்றுப்பகுதியைக் கயானா என்று குறிப்பிடும் கயானாக் கண்டுபிடிப்பு நூலை வெளியிட்டார். தலையில்லாமல் மார்பில் முகமுள்ள மனிதர்களைப் பற்றிக் கேள்விப்பட்டதையும் அதில் சேர்த்திருந்ததால் நம்பகத்தன்மை குறைந்தது. நூல் என்னவோ ஐரோப்பிய மொழிகளில் பெயர்க்கப்பட்டு நன்றாக விற்றது. லண்டன் லாம்பெத் அரண்மனையில் அந்நூலின் கையெழுத்துப் பிரதி ஒன்று இருக்கிறது. அச்சு நூலோடு ஒப்பிட்டால், அமைச்சர் ராபர்ட் செசில் முதலியோரின் யோசனைப்படி பல இடங்கள் மாற்றப்பட்டது தெரிகிறது. பெயர் உறுதியான நூலிலும் பிறர் கை கலந்திருக்கிறது. பின்னாளில், 19ஆம் நூற்றாண்டில், அதே பகுதியில், இன்றைய வெனிசுவேலாவின் குவயானாவில், எல் காயாவோ தங்கச் சுரங்கங்கள் திறக்கப்பட்டன.

அதன்பின் 1596இல் ஸ்பெயினின் காடிஸ் துறைமுகத் தாக்குதலில் காலில் காயம்பட்டார். 1600இல் ஜெர்சி தீவின் ஆளுநரானார். அங்கே கட்டப்பட்டுவந்த புதுக் கடல்கோட்டைக்கு எலிசபெத் கோட்டை என்று பெயரிட்டவர் அவரே.

வின்செஸ்டர் மண்டபம்

1603 மார்ச்சில் எலிசபெத் இறந்தார். புதிய மன்னர் ஜேம்ஸ் ஸ்பெயினோடு சமாதானம் நாடினார். ராலேயைப் பற்றி அவருக்கு முன்பே கோள் சொல்லியிருந்தார்கள். சில மாதத்தில் பதவிகளும் டர்ஹாம் மாளிகையும் பறிபோயின. ஜேம்ஸை அகற்றி அரபெல்லா ஸ்டூவர்ட்டை அரியணையேற்றச் சதி செய்தார் என்று தேசத்துரோக வழக்கு தொடுக்கப்பட்டது. லண்டனில் கொள்ளைநோய் பரவியிருந்ததால் விசாரணை வின்செஸ்டர் கோட்டையின் பெருமண்டபத்தில், நவம்பர் 17 அன்று நடந்தது. ஆர்தர் மன்னருடையது என்று சொல்லப்படும் வட்ட மேசை இன்றும் அங்கே சுவரில் தொங்குகிறது. உண்மையில் அது ஆர்தர் காலத்துக்குப் பல நூற்றாண்டு பிந்திய இடைக்கால வேலை.

வழக்கு முழுவதும் காகிதத்தின்மேல் நின்றது. முக்கியச் சாட்சியான காப்ஹாம் பிரபு நீதிமன்றத்துக்கு அழைக்கப்படவில்லை. அவர் எழுதிக்கொடுத்த வாக்குமூலம் மட்டும் வாசிக்கப்பட்டது. நேரில் நிறுத்துங்கள் என்று ராலே பலமுறை கேட்டும் நடக்கவில்லை. குற்றச்சாட்டை மறுத்துக் காப்ஹாம் எழுதிய கடிதத்தை ராலே தம் சட்டைப்பையிலிருந்து எடுத்தார். அரசு வழக்கறிஞர் எட்வர்ட் கோக், காப்ஹாம் முந்தின நாள் மறுபடியும் குற்றம்சாட்டி எழுதியதை எடுத்துக்காட்டினார். ஜூரிகள் கால்மணி நேரத்தில் குற்றவாளி என்று தீர்ப்புச் சொன்னார்கள். காலையில் அவரைத் தூக்கிலிடுவதைப் பார்க்க 100 மைல் நடந்திருப்பேன், மாலையில் அவரைக் காப்பாற்ற 1,000 மைல் நடப்பேன் என்ற பொருளில் ஒருவர் அன்று சொன்னதாகப் பதிவு இருக்கிறது. சாட்சியை நேரில் குறுக்கு விசாரணை செய்யும் உரிமைக்கு இவ்வழக்கு எதிர்மறை உதாரணமானது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2004இல் கிராஃபோர்டு வழக்கின் தீர்ப்பில்கூட இதை எடுத்துப் பேசியது.

இரத்தக் கோபுரம்

மரண தண்டனை நிறுத்திவைக்கப்பட்டது. ரத்தாகவில்லை. 1603 முதல் 1616 வரை லண்டன் கோபுரக் கோட்டையில், இரத்தக் கோபுரம் என்று பெயர்பெற்ற பகுதியில் அவர் சிறையிருந்தார். கடுஞ்சிறை அல்ல: மனைவியும் மகனும் வந்து தங்கலாம், வேலைக்காரர்கள் உண்டு, தோட்டத்தில் மூலிகை வளர்க்கலாம். கோழிக்கூண்டாக இருந்த கொட்டகையில் வடிகலம் வைத்து மருந்து காய்ச்சினார். இளைய மகன் கரூ 1605இல் பிறந்தான். இப்போது பார்வையாளர்கள் ஏறிப் பார்க்கும் அந்த அறையில் அவருடைய எழுத்துமேசை போன்ற அமைப்பை வைத்திருக்கிறார்கள். அவருடைய கையேடு ஒன்று பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளது. 500க்கும் மேற்பட்ட புத்தகங்களின் பட்டியல் அதில் இருக்கிறது. சிறைக்குள் அப்படி ஒரு நூலகம்.

பட்டத்து இளவரசர் ஹென்றிக்காக அவர் தொடங்கிய உலக வரலாறு 1614இல் வெளியானது. படைப்பில் தொடங்கி, கி.மு. 2ஆம் நூற்றாண்டில் ரோமர் மாசிடோனியாவை வென்றதோடு நிற்கும் பெருநூல். இளவரசர் 1612இல் இறந்ததால் தொடரவில்லை. முதற்பதிப்பில் ஆசிரியர் பெயர் இல்லை. அரசர்களின் கொடுமையை அளவுக்குமீறிக் கண்டிக்கிறது என்று ஜேம்ஸ் அதைத் தடுத்தார். ஆனாலும் அந்நூற்றாண்டில் பலமுறை அச்சானது. இதிலும் பங்கு கேட்டவர் உண்டு. கார்த்தேஜ் போர்ப் பகுதியை எழுதிக்கொடுத்தது நான், ராலே அதை மாற்றிச் சேர்த்துக்கொண்டார் என்று நாடகாசிரியர் பென் ஜான்சன் நண்பர் டிரம்மண்டிடம் சொல்லியிருக்கிறார். எபிரேயம் முதலிய மொழிகளில் அறிஞர்கள் உதவியதும் உண்மையே. ஆனால் முகவுரையின் நடை, சொந்தப் போர் அனுபவத்திலிருந்து தரும் உதாரணங்கள் எல்லாம் ஒரே கையைக் காட்டுகின்றன.

கடைசிப் பயணம்

கயானாவில் தங்கச் சுரங்கம் காட்டுகிறேன் என்று சொல்லி 1616இல் வெளியே வந்தார். ஸ்பானியரைத் தாக்கக்கூடாது என்பது நிபந்தனை. 1617இல் 'டெஸ்டினி' கப்பலில் புறப்பட்டு, காய்ச்சலால் டிரினிடாடிலேயே தங்கிவிட்டார். லாரன்ஸ் கீமிஸ் தலைமையில் ஆற்றில் ஏறிய குழு 1618 ஜனவரியில் சான் தோமே ஊரைத் தாக்கியது. அதில் மூத்த மகன் வாட் இறந்தார். தங்கம் இல்லை. ராலேயின் கடிந்துரை தாங்காமல் கீமிஸ் தற்கொலை செய்துகொண்டார்.

பிளிமத்துக்குத் திரும்பியவரை உறவினரான லூயிஸ் ஸ்டக்லி காவலில் எடுத்து, ஷெர்போர்ன், சாலிஸ்பரி வழியாக லண்டனுக்கு அழைத்துச் சென்றார். தாம் கட்டிப் பறிகொடுத்த மாளிகையைக் கைதியாகக் கடந்து போனார் ராலே. சாலிஸ்பரியில் மருந்து பூசி உடம்பெல்லாம் கொப்புளம் வரவழைத்து, நோய் என்று நடித்தார். அப்படிச் சம்பாதித்த சில நாட்களில் தம் பயணத்தை நியாயப்படுத்தி ஒரு விளக்கம் எழுதி முடித்தார்.

ஸ்பானியத் தூதர் தண்டனை கேட்டு வற்புறுத்தினார். புது விசாரணைக்குப் பதில் 1603இன் பழைய தண்டனையே நிறைவேற்றப்பட்டது. 1618 அக்டோபர் 29 காலை, வெஸ்ட்மின்ஸ்டர் பழைய அரண்மனை முற்றத்தில், நெடுநேரம் பேசித் தம் குற்றமின்மையைச் சொன்னார். கோடரியின் முனையைத் தடவிப் பார்த்து, கூர்மையான மருந்துதான், ஆனால் எல்லா நோயையும் தீர்க்கும் என்ற பொருளில் சொன்னாராம். இரண்டு வெட்டில் தலை விழுந்தது. உடல் எதிரிலுள்ள புனித மார்கரெட் ஆலயத்தில் அடக்கமானது. தலையை மனைவி பதப்படுத்தி வைத்துக்கொண்டார் என்பது மரபு. ஆலயத்தின் மேற்குச் சாளரத்தில் ராலே நினைவாக அமெரிக்கர்கள் 1882இல் வண்ணக்கண்ணாடி பதித்தார்கள். வைட்ஹாலில் 1959இல் நிறுவிய வெண்கலச் சிலை 2001இல் கிரீனிச்சுக்கு இடம் மாறியது.

பெயரில் சேர்ந்தவை

இறந்தபின் ராலே பெயருக்கு மதிப்பு ஏறியது. மன்னராட்சியின் பலி என்று நாடாளுமன்றக் கட்சியினர் கொண்டாடினார்கள். மகனுக்கு எழுதிய அறிவுரை, நாடாளுமன்ற உரிமை பற்றிய உரையாடல் முதலியன அச்சாயின. இவை அவருடையவை என்றே ஏற்கப்படுகின்றன. கூடவே பிறர் எழுத்துகளும் நுழைந்தன. 1658இல் மகாகவி மில்டன் 'அமைச்சரவை' என்ற கையெழுத்துப் பிரதியை ராலே நூல் என்று பதிப்பித்தார். அது ராலே எழுதியது அல்ல, மாக்கியவெல்லி முதலியோரிடமிருந்து வேறொருவர் திரட்டியது என்று 20ஆம் நூற்றாண்டு ஆய்வு காட்டியது. உலகத்தார் எல்லாரையும் பொய்யர் என்று சாடும் புகழ்பெற்ற பாடல் 1608இல் பெயரின்றி அச்சானது. அவர் வாழ்ந்தபோதே அதற்கு எதிர்ப்பாட்டுக் கட்டியவர்கள் ராலேயைக் குறிவைத்ததால் அவருடையது எனப் பெரும்பாலோர் கருதினார்கள், சிலர் மறுத்தார்கள்.

வெட்டுப்படுவதற்கு முந்தின இரவு, காவல்வாயில் சிறையில், தம் பைபிளில் எழுதியதாகச் சொல்லப்படும் சிறு பாடல் எல்லாவற்றிலும் புகழ்பெற்றது. அதன் பெரும்பகுதி புதிது அல்ல. பல ஆண்டு முன் எழுதிய காதல் பாடலின் கடைசிப் பத்தியில் முதற்சொற்களைச் சிறிது மாற்றி, இறுதியில் உயிர்த்தெழும் நம்பிக்கையாக இரண்டு வரி சேர்த்தது. காதலியின் அழகு அழிவதைச் சொன்ன வரிகள் தம் சாவைச் சொல்லும் வரிகளாயின.

ஆக்னஸ் லேத்தம் 1951இல் வெளியிட்ட பதிப்பு, சான்றுகளை எடைபோட்டு ராலே பாடல்கள் எவை என்று தொகுத்தது. 1999இல் மைக்கேல் ருடிக் வேறு வழி எடுத்தார். ஒவ்வொரு பாடலும் எந்த ஏட்டில், எந்தத் தொகுப்பில், யார் பெயரில் வழங்கியது என்ற வரலாற்றையே முதன்மையாக்கிப் பதிப்பித்தார். ராலே கையாலேயே எழுதி நமக்கு எஞ்சிய பாடல்கள் மிகச் சில; அவற்றில் பெரியது ஹாட்ஃபீல்டு மாளிகையின் அந்த ஏடு.